கோட்டுக்கு ஓரடி வெளியே

முள்ளியவளை
19.06.2024

மதிப்புக்குரிய மத்தியஸ்தர் அவர்களுக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் நான். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. ஊர் முழுக்க அதைத்தான் கதைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்திக் கடை வாங்குப் பலகையில் இருந்து இடியப்பப் பார்சல் பிரித்துச் சாப்பிட்டீர்களாம். சம்பல் உறைத்து, தண்ணீர் கேட்டீர்களாம். மாமியார் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே அம்மா விடிய எழும்பி, நந்திக்கடல் நண்டு வாங்கிக் கறி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. வீட்டு மருமகன் சந்திக் கடையில்! எங்கள் கல்யாணத்துக்கு வராத சனங்கூட வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறது.

போன் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் நீங்கள் என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டீர்கள், இடையிலேயே விசில் ஊதிவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. இதைக் கிளிநொச்சி பஸ் கொண்டக்டர் மூக்கன் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். பதில் இருந்தால் அவரிடமே கொடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிருஷன் அண்ணாவின் ஞாபகார்த்தக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி தொடங்கிப் பதினொரு வருஷம். வருஷா வருஷம் அம்மா மேடையில் அண்ணாவின் படத்துக்கு விளக்கேற்றுவா. வெயிலுக்குள் கடைசிவரை இருப்பா. பிறகு கிண்ணத்தை யாரோ ஒரு வேற்றூர்ப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வருவா. அண்ணா விளையாடிய எங்கள் ஊர்க் கழகம் இந்த வருஷந்தான் முதன்முதலாக இறுதிப் போட்டிக்கு வந்தது. அம்மா அந்தக் கிண்ணத்தைச் சாம்பல் போட்டு மினுக்கியதை நீங்களும் கண்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை விசில் உங்கள் வாயில். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிறது. எதிரணியான கரையோரக் கழகத்துப் பொடியனை எங்கள் பொடியன் இடறினான். இல்லை என்று நான் சொல்லவில்லை. இடறின இடம் பெனால்டி பொக்ஸ் கோட்டுக்கு ஓரடி வெளியே. நான் அந்தப் பக்கத்துப் பந்தலில்தான் இருந்தேன். நீங்கள் விசில் ஊதினீர்கள். ஊதிவிட்டு இடது கை மணிக்கூட்டைத் தொட்டீர்கள். ஒன்பது வருஷமாக உங்களோடு குடித்தனம் நடத்துகிறேன். நிச்சயமாகத் தெரிந்த விஷயத்துக்கு நீங்கள் மணிக்கூட்டைத் தொடுவதில்லை. என்னிடம் பொய் சொல்லும்போதுதான் தொடுவீர்கள். தொட்டுவிட்டு, கையை நீட்டி, பெனால்டிப் புள்ளியைக் காட்டினீர்கள்.

கோல் விழுந்தது, கிண்ணம் போய்விட்டது. அம்மா அதைக் கரையோரப் பொடியனின் கையில் கொடுத்து, "நல்லா விளையாடினனீங்கள் அப்பு" என்றா. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "உவர் ஏன் பிள்ளை வீட்டை வராமல் போனவர்?"

நண்டுக் கறியை அயலுக்குக் கொடுத்தாயிற்று. வாரா வாரம் போல இந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் வட்டக்கச்சிக்கு வரமாட்டேன். கோழிகளுக்குத் தீன் போடுங்கள்.

இப்படிக்கு,
கமலாசனியின் மகள் சாரங்கா


வட்டக்கச்சி
23.06.2024

என் அன்பான சாரங்காவுக்கு,

உம்முடைய கடிதம் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் கைக்கு வந்தது. மூக்கன் அண்ணை அதைத் தரும்போதே, "தங்கச்சி நல்ல சூட்டில நிக்கிறா, கவனமாப் பிரியும்" என்றார். அதோடு விட்டாரா? பஸ்ஸில் இருந்த சனத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "எண்டாலும் தம்பி, அது வெளியிலதான்" என்றும் சொன்னார். அந்த ஆள் அன்றைக்கு மைதானத்துக்கே வரவில்லை. பஸ்ஸில் டிக்கற் கிழித்துக்கொண்டிருந்தவர். இந்த வன்னியில் என்னைத் தவிர எல்லோருக்கும் அது வெளியே என்று தெரிந்திருக்கிறது.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாரும். நான் மூன்றாந் தர மத்தியஸ்தராகி எவ்வளவு காலம்? இரண்டாந் தரத்துக்கு உயர இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் மத்தியஸ்தர் சங்கத்தின் வயதெல்லையைத் தாண்டிவிடுவேன். இதற்காக எத்தனை விடியற்காலை வாய்க்கால் கட்டு வழியே ஓடியிருக்கிறேன் என்று உமக்குத் தெரியாதா? மாட்டுத் திருடன் என்று நினைத்து நாய்கள் துரத்தியிருக்கின்றன. ஒருமுறை நாய்க்காரரும் துரத்தினார். வயல் வேலை முடித்து வந்து, சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நீர் கேள்வி கேட்க நான் பதில் சொன்னதெல்லாம் எதற்காக?

என்னை மதிப்பிட வவுனியாவிலிருந்து மயில்வாகனம் சேர் வந்தார். நான் ஒளிக்கவில்லை. இது என் மனைவியின் ஊர், வேறு ஆளைப் போடுங்கோ என்று முன்கூட்டியே சொன்னேன். "வேற ஆள் இல்லை. நீரே ஊதும். நான் பாத்துக்கொண்டிருப்பன், கவனம்" என்றார். அந்தக் "கவனம்" என்ற சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மாமியின் நண்டுக் கறி மணக்கிற கையோடு நான் மைதானத்துக்குள் இறங்கினால் கரையோரச் சனம் என்ன சொல்லும்? அதுதான் சந்திக் கடை. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவது? அதுதான் அப்படியே திரும்பினேன். ஊர் இப்படிக் கதைக்கும் என்று கடவுளாணை நான் நினைக்கவில்லை.

பெனால்டியைப் பற்றி: மத்தியஸ்தரின் தீர்ப்பே இறுதியானது. சட்டம் ஐந்து.

"மதிப்புக்குரிய மத்தியஸ்தர்" என்று ஒரு மனைவி எழுதுவாளா? வெள்ளிக்கிழமை பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு "இஞ்சாருங்கோ" என்று நீர் கூப்பிடுகிற சத்தம் இல்லாமல் வீடு வீடு மாதிரி இல்லை. கோழிகள் நலம். ஒன்றைக் கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்று எழுதாதேயும்.

உம்முடைய,
சுஜிதன்


முள்ளியவளை
27.06.2024

மதிப்புக்குரிய மத்தியஸ்தர் அவர்களுக்கு,

எனக்கே சட்டம் ஐந்து சொல்கிறீர்கள்! அதை உங்களுக்குப் பாடமாக்க வைத்தவளே நான்தானே? குசினியில் புட்டு அவித்துக்கொண்டு, ஒரு கையில் அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பிழை விட்டபோதெல்லாம் திருப்பிச் சொல்ல வைத்தது யார்? ஐந்துக்குப் பிறகு ஆறு என்று ஒரு சட்டம் இருக்கிறது. மற்ற அதிகாரிகளைப் பற்றியது. அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை.

அந்தப் பக்கக் கோட்டில் கொடியோடு நின்றவர் மஸாஹிர். உங்கள் கூட்டாளி, முதல் விசில் வாங்கிய காலத்திலிருந்து உங்களோடு ஓடுகிறவர். பொடியன் விழுந்ததும் அவர் கொடியைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். பொக்ஸுக்கு உள்ளே என்றால் லைன்ஸ்மன் மூலைக் கொடிப் பக்கம் ஓடவேண்டும், வெளியே என்றால் அசையாமல் நிற்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தது நீங்கள். அவர் தூண் மாதிரி நின்றார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் மணிக்கூட்டைத் தொட்டீர்கள்.

எங்களுக்குச் சார்பாக ஊதுங்கள் என்று இந்த ஊரில் ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. நடந்ததை ஊதினால் போதும். நீங்கள் என்ன செய்தீர்கள்? தொடக்கத்திலிருந்தே எங்கள் பொடியளுக்கு மஞ்சள் அட்டை மேல் மஞ்சள் அட்டை. யார் காலில் பட்டுப் பந்து வெளியே போனாலும் எறிவது கரையோரக் கழகம். மருமகன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான் உங்கள் தலைக்குள் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த கரையோரப் பெண்ணே, "உங்கட ஆள் ஏன் அக்கா உங்களோட கோபமோ?" என்று கேட்டாள்.

அண்ணாவின் படம் மேடையில் இருந்தது. அதற்கு முன்னால் நீங்கள் அப்படிச் செய்ததுதான் எனக்குச் செரிக்கவில்லை.

கீரிப்பிள்ளைக்கு நீங்கள்தான் காரணம். கூட்டுக் கதவின் கொளுக்கியைக் கட்டச் சொல்லி மாசிமாதத்திலிருந்து சொல்கிறேன்.

சாரங்கா


வட்டக்கச்சி
05.07.2024

என் அன்பான சாரங்காவுக்கு,

எல்லாக் கோபத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை வாசியும். கிடைத்துவிட்டது! இரண்டாந் தரம்! நேற்றுச் சங்கத்திலிருந்து போன் வந்தது. நான் வயலுக்குள் சேற்றில் நின்றேன். போனை விழுத்தாமல் பிடித்ததே பெரிய காரியம். உமக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். எடுத்தால், நீர் என்னைத் தடுத்து வைத்திருப்பது ஞாபகம் வந்தது. வரம்பில் நின்ற கொக்குக்குத்தான் சொன்னேன்.

மயில்வாகனம் சேர் என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று செயலாளர் வாசித்துக் காட்டினார்: "நெருக்கமான சூழலின் அழுத்தத்துக்குச் சிறிதும் பணியாதவர். இக்கட்டான நேரத்தில் துணிவாகத் தீர்ப்பளித்தார்." துணிவாம், சாரங்கா. இனி மாவட்டத்துக்கு வெளியேயும் ஊதலாம். மன்னார், திருகோணமலை என்று கூப்பிடுவார்கள். சட்டைக்குப் புதுச் சின்னம் வரும். அதை நீர்தான் தைக்கவேண்டும். நான் தைத்தால் கோணும்.

மஸாஹிருக்கு இம்முறை சரிவரவில்லை. பாவம். அவனும் இதே தரத்துக்குத்தான் முயன்றான்.

இங்கே இன்னொரு தலையிடி. சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் முறை வைத்து விடுகிறார்கள். பக்கத்து வயல் சிற்றம்பலம் அண்ணைக்கும் மேல் வயல்காரருக்கும் சண்டை. வழமையாக இப்படி ஏதும் வந்தால் "மத்தியஸ்தரைக் கூப்பிடுங்கோ" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். நேற்று நானாகப் போய்ச் சமாதானம் சொன்னேன். சிற்றம்பலம் அண்ணை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "தம்பி, நீர் கோட்டுக்கு வெளியில நடந்ததை உள்ளுக்கு எண்டுறவர். என்ர வரம்புக்கு வெளியில ஓடுற தண்ணியை என்னெண்டு சொல்லுவீர்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாந் தர மத்தியஸ்தருக்கு வட்டக்கச்சியில் இருக்கிற மரியாதை இவ்வளவுதான்.

மாமியிடம் செய்தி சொல்லும். இந்த வெள்ளிக்கிழமையாவது வாரும்.

உம்முடைய,
சுஜிதன்


முள்ளியவளை
09.07.2024

மதிப்புக்குரிய இரண்டாந் தர மத்தியஸ்தர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்கவில்லை. நீங்கள் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். "மஸாஹிருக்குச் சரிவரவில்லை, பாவம்" என்ற வரிக்கு வந்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. ஏன் சரிவரவில்லை என்று நீங்கள் எழுதவில்லை.

நான் எழுதுகிறேன். மஸாஹிரின் மனைவி றம்லா என்னோடு படிப்பிக்கிறவள் என்பதை மறந்துவிட்டீர்கள். நேற்று இடைவேளையில் நான் விடாமல் கேட்டேன். அவள் சொல்ல விரும்பவேயில்லை. ஆட்டம் முடிந்ததும் மயில்வாகனம் சேர் மஸாஹிரைக் கூப்பிட்டு, "பொக்ஸுக்குள்ள நடந்ததுக்கு நீர் ஏன் அங்கயே நிண்டனீர்?" என்று கேட்டாராம். நீங்கள் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றீர்களாம். மஸாஹிர் உங்களைப் பார்த்தாராம். பிறகு, "வெயில் சேர், கண்ணுக்குள்ள அடிச்சது, வடிவாத் தெரியேல்லை" என்றாராம். பொக்ஸ் எல்லையை இனங்காணத் தெரியாதவர் என்று எழுதி அவரை இறக்கிவிட்டார்கள்.

வெயில் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. எனக்குத்தான் முகத்தில் அடித்தது.

அந்த மனிதர் முல்லைத்தீவில் காலைமுதல் பின்னேரம்வரை கடையில் நின்று, பிறகு கடற்கரை மணலில் ஓடுகிறவர். நோன்பு நாளிலும் ஓட்டத்தை விடாதவர். அவர் சரியாகக் கொடி பிடித்தார். சரியாகப் பிடித்ததற்காகத் தோற்றுப்போனார். உங்களுக்காகப் பொய்யும் சொன்னார். எனக்கு ஒன்றே ஒன்றுக்குப் பதில் வேண்டும். அவர் அந்தப் பொய்யைச் சொன்னபோது உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா?

விழுந்ததென்றால், போய் மயில்வாகனம் சேரிடம் சொல்லுங்கள். கொடி சரி, விசில் பிழை என்று. அண்ணாவின் கிண்ணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. அது போனது போனதுதான். இதைச் சொல்லாமல் அந்தச் சின்னத்தை நான் தைக்கமாட்டேன். வெள்ளிக்கிழமையும் வரமாட்டேன்.

சாரங்கா


வட்டக்கச்சி
14.07.2024

சாரங்கா,

விழுந்தது. நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். தண்ணீர்ப் போத்தில் என் வாயில் இருந்தது. போத்தில் முடிந்த பிறகும் நான் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை. போதுமா?

இனி நீர் எனக்குப் பதில் சொல்லும். என்ன செய்யச் சொல்கிறீர்? மயில்வாகனம் சேரிடம் போய், உங்களை ஏமாற்றிவிட்டேன், தந்ததைத் திருப்பி எடுங்கோ என்று சொல்லவா? சொன்னால் எடுப்பார். பிறகு எனக்கு இன்னொரு முறை இல்லை. வயது யாருக்காகவும் நிற்காது. என்னிடம் வேறு என்ன இருக்கிறது? தண்ணீர் வந்தால் விளைகிற வயல், வராவிட்டால் கடன். சின்ன வயதில் பந்தடிக்கவேண்டிய காலத்தில் நாங்கள் எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. விளையாட்டுக்காரனாக வரமுடியவில்லை. விசிலாவது ஊதுவோம் என்று பிடித்துக்கொண்டு வந்தேன். அது ஒன்றுதான் நானாகத் தேடிக்கொண்டது. அதையும் கொண்டுபோய்க் கொடு என்கிறீர். சும்மா பந்தலில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்வது லேசு.

மஸாஹிருக்குப் போன் எடுத்தேன். என்ன சொன்னான் தெரியுமா? "விடு மச்சான். எனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, உனக்கில்லை. உன்ர கடைசி முறை எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். ஆரிட்டயும் கதையாதே" என்றான். அவனே விடச் சொல்கிறான். பாதிக்கப்பட்டவனுக்கே இல்லாத கோபம் உமக்கு எங்கிருந்து வருகிறது?

எனக்கு அலுத்துவிட்டது. மூக்கன் அண்ணை, சிற்றம்பலம் அண்ணை, நீர், இனி யார் மிச்சம்? காலையில் வாய்க்கால் கட்டில் ஓடப் போனால் அந்த நாய்கூட இப்போது குரைப்பதில்லை, படுத்துக்கொண்டே பார்க்கிறது.

சுஜிதன்


முள்ளியவளை
17.07.2024

நீங்கள் கேட்டதற்குப் பதில்.

மஸாஹிர் விடச் சொன்னது அவருடைய நல்ல குணம். அந்தக் குணத்துக்கும் நீங்களா புள்ளி வாங்கிக்கொள்வது?

உங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வாசித்து நான் அழுதேன். நானும் இருக்கிறேன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு கோபம் வந்துவிட்டது.

உங்களுக்குத் தரம் கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொன்னேன். நான் எதிர்பார்க்கவில்லை, அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. "எவ்வளவு ஓடினது அந்தப் பிள்ளை" என்றா. வெள்ளிக்கிழமை கோயிலில் உங்கள் பெயருக்கு அருச்சனை செய்யப் போகிறாவாம். நட்சத்திரம் என்ன என்று என்னிடம் கேட்டா. நான் சொன்னேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னால் இதைத் தாங்க முடியவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். மூக்கன் அண்ணைக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம்.

சாரங்கா


வட்டக்கச்சி
28.07.2024

சாரங்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர். ஆனாலும் எழுதுகிறேன். கோபமென்றால் கிழித்துப் போடும்.

நேற்று வவுனியாவுக்குப் போனேன். மயில்வாகனம் சேரின் வீட்டைக் கண்டுபிடித்துப் போக, மனுசன் சாரத்தோடு கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி தரச் சொல்லி, பலகாரம் வைத்து, "துணிவான பொடியன்" என்று தன் மனைவியிடமும் சொன்னார். அதற்குப் பிறகு வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று உமக்குத் தெரியாது. சொன்னேன். கொடி சரி சேர், விசில்தான் பிழை என்றேன்.

"வெளியில எண்டு தெரிஞ்சுகொண்டோ உள்ளுக்கு எண்டு குடுத்தனீர்?"

"ஓம் சேர்."

"ஏன் தம்பி?"

"மருமகன் எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு பயந்து, சேர்."

மனுசன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சொந்தக்காரருக்குச் சார்பா ஊதினவங்களை நிறையக் கண்டிட்டன். சொந்தக்காரருக்கு எதிரா ஊதின விசரனை இப்பதான் காணுறன். ரெண்டும் ஒரே பிழைதான் தம்பி. அதை விடும், இதை ஏன் இப்ப வந்து சொல்லுறீர்? ஆர் கேட்டது உம்மை?" என்று கத்தினார். அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டதாம், இனி எல்லாவற்றையும் திருப்பி எழுதவேண்டுமாம், தன்னுடைய பெயருக்கும் பழுதாம். அவருடைய மனைவிதான், "பாவம், அந்தத் தம்பி தேத்தண்ணியைக் குடிக்கட்டும்" என்றா.

இரண்டாந் தரம் போய்விட்டது. இனி வராது. மஸாஹிருக்கு ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி முல்லைத்தீவில் இன்னொரு மதிப்பீட்டுப் போட்டி கொடுத்திருக்கிறார்கள். இம்முறை அவன் விசில். "அவருக்குக் கொடி பிடிக்க நீரே போம்" என்றார் சேர். தண்டனையாகச் சொன்னாரோ வேறு என்னவோ தெரியாது. ஓம் என்றேன்.

மஸாஹிருக்குப் போன் எடுத்துச் சொல்ல, "உனக்கு விசரா? எல்லாத்தையும் நாசமாக்கிப்போட்டு வந்து நிக்கிறாய்! நான் சொன்ன பொய்யும் வீண்!" என்று ஏசினான். வாயில் வந்த எல்லாப் பேச்சும் பேசினான். கடைசியில், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டான்.

நீர் சொன்னதற்காக நான் போகவில்லை. அருச்சனை என்று எழுதினீரே, அதற்குப் பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மாமியின் முகத்தில் முழிக்க வெட்கமாக இருக்கிறது. நீர் வருவதும் வராததும் உம்முடைய விருப்பம். கொளுக்கி கட்டிவிட்டேன்.

சுஜிதன்


முள்ளியவளை
20.08.2024

இஞ்சாருங்கோ,

ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவு மைதானத்துக்கு நானும் அம்மாவும் றம்லாவும் வந்திருந்தோம். நீங்கள் எங்களைக் காணவில்லை. கண்டாலும் காணாத மாதிரி ஓடியிருப்பீர்கள். ஆட்டம் முடிந்து நான் சனத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டீர்கள். இது உங்களுக்கு ஒரு வியாதியா? ஒவ்வொரு ஆட்டம் முடியவும் ஏன் இப்படிக் கள்ளன் மாதிரி ஓடுகிறீர்கள்?

இரண்டாம் பாதியில் நீங்கள் ஒரு ஓஃப்சைட்டுக்குக் கொடி தூக்கினீர்கள். மஸாஹிர் தூரத்தில் நின்றார், அவருக்குத் தெரியவில்லை. கொடியைக் கீழே விடுங்கள் என்று கையால் காட்டிவிட்டார், பந்து உள்ளே போனது, கோல். உங்களுக்குப் பின்னால் நின்ற சனம், "கண் பொட்டையோ?" என்று கத்தியது. மயில்வாகனம் சேர் குனிந்து ஏதோ எழுதினார். நான் உங்கள் இடது கையையே பார்த்தேன். நீங்கள் மணிக்கூட்டைத் தொடவில்லை. முகத்தையும் சுளிக்கவில்லை. கொடியை இறக்கிக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினீர்கள். உங்கள் கொடி சரி. நான் நேர்கோட்டில் இருந்தேன், கண்டேன். கோல் அடித்தவன் முழு ஆளாக முன்னால் நின்றவன். மஸாஹிரிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும்.

அவருக்குத் தரம் கிடைத்துவிட்டது. நேற்றுத்தான் தெரியவந்ததாம். றம்லா வட்டிலப்பம் கொண்டுவந்து தந்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அவளுக்காகக் கொஞ்சம், உங்களுக்காக மிச்சம். அந்தச் சின்னத்தை உங்கள் சட்டையில் தைக்க எனக்கும் ஆசைதான் இருந்தது. கோபத்தில் தைக்கமாட்டேன் என்று எழுதிவிட்டேனே தவிர, நீல நூல் வாங்கி வைத்திருந்தேன். இப்போது அதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.

இதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவர் கொடி தூக்கினது சரிதானே பிள்ளை?" என்றா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்கு ஓஃப்சைட் தெரியுமா? "ஏன் தெரியாது? உன்ர கொண்ணன் நிருஷன் குசினி நிலத்தில புளியங்கொட்டையை அடுக்கி வைச்சுக் காட்டித் தந்தவன். கோல் காக்கிறவன் ஒரு கொட்டை, மற்றவங்கள் ஒவ்வொரு கொட்டை. நான் பிழையாச் சொன்னால் சாப்பிட வரமாட்டான். பொக்ஸும் சோக்கால கீறிக் காட்டினவன்" என்றா.

இத்தனை வருஷமாக அம்மா வெறுமனே விளக்கேற்றிவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா.

"அப்ப அண்டைக்கும் தெரியுமோ அம்மா? அந்தப் பெனால்டி?" என்று கேட்டேன்.

"ஓரடி வெளியில" என்றா.

தெரிந்துகொண்டுதான் அந்தப் பொடியனின் கையில் கிண்ணத்தைக் கொடுத்தா. தெரிந்துகொண்டுதான் உங்கள் பெயருக்கு அருச்சனை செய்தா. நான் இரண்டு மாதமாக உங்களோடு கடிதத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா உங்களைப் பற்றிக் குறையாகக் கேட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விதான், ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று. பஸ்ஸால் இறங்கும்போதும் அதைத்தான் கேட்டா: "இண்டைக்கும் சாப்பிடாமல் போயிட்டாரோ?"

ஆகையால் வெள்ளிக்கிழமை நான் வட்டக்கச்சிக்கு வரமாட்டேன். நீங்கள் இங்கே வாருங்கள். கோழிகளைச் சிற்றம்பலம் அண்ணையிடம் ஒப்படையுங்கள். அம்மா நண்டுக்குச் சொல்லி வைத்துவிட்டா. உங்கள் நம்பரின் தடையையும் எடுத்துவிட்டேன். ஆனால் போன் எடுத்து, வேலை இருக்கு, தண்ணீர் முறை இருக்கு என்று சாட்டுச் சொல்வதென்றால் எடுக்கவே வேண்டாம். சந்திக் கடையில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினீர்கள் என்று என் காதில் விழுந்தாலும் தெரியும்தானே. நேரே வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிட இருங்கள்.

சாரங்கா